பெயர் கொடுக்காத பதினொரு பேர்

கோயில்பிள்ளை வேலை என்றால் மணியடிக்கிற வேலை என்று வெளியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எண்ணுகிற வேலை. மணி ஒரு ஞாயிற்றுக்கு மூன்று தடவைதான். பெஞ்சு, பாட்டுப்புத்தகம், மெழுகுவர்த்தி, அப்பம், ஆட்களின் தலை என்று எண்ணுவதுதான் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும். என்னைப் போல ஏதோ ஒரு சபையில் சாவிக்கொத்தோடு திரிகிறவர்கள் இதைப் படித்தால், "நம்ம கதைதான்" என்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடினால் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவில் லுத்தரன் சபையில் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க வந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்று. போதகரான எங்கள் ஐயரின் மனைவி ஐயரம்மா ஒன்று. பாடகர் குழுவில் ஏழு. கீபோர்டு வாசிக்கிற டேனியல் ஒன்று. பூ மார்க்கெட் தங்கராஜும் அவர் மனைவியும் இரண்டு. ஓய்வு பெற்ற ரூபி டீச்சர் ஒன்று. கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் வருகிறவர்கள் ஆறு. மேலநீலிதநல்லூரிலிருந்து பைக்குக்கு மூன்று பேராக இரண்டு பைக்கில் ஆறு. விசைத்தறி ஓட்டுகிற மூன்று குடும்பத்தில் எட்டு. பெண்கள் சங்கத்தில் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்கள் ஐந்து. ராத்திரி டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிற நர்ஸ் ஒன்று. ஆக முப்பத்தொன்பது. ஐயரை நான் சேர்ப்பதில்லை, அவர் கொடுக்கிறவர்.

ஐம்பது

அந்த முப்பத்தொன்பதைப் பார்க்கத்தான் திருச்சபை மேலிடத்திலிருந்து செயலாளர் வந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் எங்களை உட்காரவைத்து, சுற்றிவளைக்காமல் சொன்னார். சபைப் பதிவில் உள்ளவர்களில் ஐம்பது பேராவது திருவிருந்தில் சேர வேண்டும். அறுப்பின் பண்டிகை அன்று மறுபடி வருவார். அன்றைக்கும் ஐம்பது தேறாவிட்டால், எங்கள் ஐயர் வேறு ஊருக்குப் போய்விடுவார். சங்கரன்கோவிலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் ஆராதனை. மற்ற ஞாயிறுகளில் வேண்டியவர்கள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறலாம்.

ரூபி டீச்சருக்கு முழங்கால் மடங்காது. பஸ் படி ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அந்த அம்மாள் பாட்டுப்புத்தகத்தை மூடி வைத்தார்கள். என் வீட்டில் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து கோயிலைத் திறக்கவில்லை என்றால் அந்த நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. செயலாளர் காரில் ஏறிப் போனதும் தங்கராஜ் என் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டார். பூ மார்க்கெட்டில் ஏலம் கூவிக் கூவி அவருக்கு மெதுவாகப் பேசவே வராது.

"அண்ணாச்சி, உங்க கண்ணாடிய மாத்துங்க. பவர கொஞ்சம் கூட்டிப் போட்டா முப்பத்தொம்பது ஐம்பதாத் தெரியும்."

மூன்றாம் மணி

எட்டரைக்கு முதல் மணி, எட்டே முக்காலுக்கு இரண்டாம் மணி, ஒன்பதுக்கு மூன்றாம் மணி. பத்தொன்பது வருஷமாக ஒரு நிமிஷம் முன்னே பின்னே அடித்ததில்லை. முதல் மணிக்கு அந்த முப்பத்தொன்பதில் நாலு பேர் உள்ளே இருப்பார்கள். இரண்டாம் மணிக்குப் பதினொன்று. மூன்றாம் மணிக்குப் பதினேழு. பாவ அறிக்கை முடியும்போது இருபத்திரண்டு. அதாவது மீதிப் பேருக்குப் பாவமே கிடையாது. ஐயர் பிரசங்கத்தை முடித்து ஆமென் சொல்லும்போதுதான் முப்பத்தொன்பது தேறும்.

கோயிலுக்கு எதிரே ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிற பாய் கடையநல்லூர்க்காரர். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்து வேறு ஒருவர் மணியடித்தார். இரண்டாம் மணியைக் கால்மணி நேரம் பிந்தி அடித்துவிட்டாராம். மறுநாள் பாய் என்னைப் பார்க்கக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து உடம்பை விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, உங்க ரெண்டாம் மணி கேட்டுத்தான் நான் ஷட்டரத் தூக்குதேன். நேத்து எனக்கு லேட்டாப் போச்சு. உங்க ஆளுகளுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, அவங்க மூணாம் மணி கேட்டாத்தான குளிக்கவே போறாங்க?"

துபாய்க்கு ஒன்று

எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவிருந்துக்கு வருகிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் கோயிலுக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வந்து எல்லார் பெயரையும் சொன்னால் போதும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் பெயர் கொடுக்கலாம். நான் நோட்டில் எழுதிக்கொண்டு, தலைக்கு ஒன்று என்று அப்பம் எண்ணித் தட்டில் வைப்பேன். கை தவறிக் கீழே விழுந்தால் வேண்டுமே என்று மேலே இரண்டு. நோட்டை ஐயரைத் தவிர யாருக்கும் காட்டக் கூடாது.

ஐம்பது என்ற பேச்சு வந்த பிறகு எல்லாருக்கும் இந்த நோட்டின் மேல் கண். ஒருவர் இறந்துபோன தன் மாமனார் பெயரைப் பதிவில் இன்னும் அடிக்கவில்லையே என்று ஞாபகப்படுத்தினார். தறி முதலாளி ஒருவர், தன்னிடம் வேலை பார்க்கிற பதினைந்து பேரைக் கூட்டி வருகிறேன், ஞானஸ்நானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, முடியாது என்று மட்டும் சொன்னேன். விளக்கம் சொல்ல எனக்கு வராது. கடைசி பெஞ்சு அம்மாள் ஒருத்தர் மட்டும் விடவில்லை. மகன் துபாயில் இருக்கிறான். பதிவில் பெயர் இருக்கிறது. அவனை எழுதத்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவன் அங்கே இருக்கும்போது இங்கே எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

"அவன் வாட்ஸப்ல முழு ஆராதனையும் பாக்குதான் அண்ணாச்சி. உள்ளூர்ல இருக்கவன் பாதியிலதான வாரான்? என் மவன் முதல் பாட்டுக்கே வந்திருதான்."

சேவல்

இப்போது அந்தப் பதினொரு பேர். அவர்கள் ஆராதனைக்கு வருகிறவர்கள்தான்; ஒரு ஞாயிறும் தவறியதில்லை. ஆனால் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போகும்போது அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். இடது பக்கம் எஸ்தர் வீட்டார் ஐந்து பேர். வலது பக்கம் ஞானசெல்வம் வீட்டார் ஆறு பேர். ஞானசெல்வம், எஸ்தருடைய கணவனின் அக்காள்; எஸ்தருக்கு மைனி. முப்பத்தொன்பதோடு பதினொன்றைக் கூட்டினால் என்ன வரும் என்று எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கும் தெரியும்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகையில் ஆரம்பித்தது அது. அன்றைக்குச் சபையார் காய்கறி, தேங்காய், கோழி என்று வீட்டில் விளைந்ததையும் வளர்ந்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனைக்குப் பிறகு ஏலம் விடுவோம். ஆசையாக வளர்த்ததைக் கொடுத்தவர்களே ஏலத்தில் கேட்டுத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். மற்றவர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். எஸ்தர் ஒரு செவலைச் சேவல் கொண்டுவந்தாள். அதற்குப் பெயர்கூட வைத்திருந்தாள். அவள் கேட்கக் கேட்க, ஞானசெல்வம் பின்னாலிருந்து ஏற்றிக் கேட்டாள். விளையாட்டுக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கடைசியில் சேவல் ஞானசெல்வம் வீட்டுக்குப் போய்விட்டது. சாயங்காலம் எஸ்தர் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கறி வந்தது. நாத்தனார் பாசமாகக் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று எஸ்தர் சோறு போட்டு நன்றாகச் சாப்பிட்டுவிட்டாள். கை கழுவுகிற நேரத்தில்தான், அது எந்தக் கோழி என்ற யோசனை வந்திருக்கிறது. நாத்தனார் வாசலில் நின்று ஏசிவிட்டு, அங்கிருந்து நேராக என்னிடம் வந்து, திருவிருந்து நோட்டில் தன் வீட்டார் ஐந்து பேர் பெயரையும் இனி எழுத வேண்டாம் என்றாள்.

மறுநாள் காலையில் ஞானசெல்வமும் வந்தாள். "ஆசையாச் சமைச்சுக் குடுத்ததுக்கு வாசல்ல நின்னு ஏசிட்டுப் போறா. எங்க வீட்டுலயும் ஆறு பேரையும் அடிச்சிருங்க அண்ணாச்சி. அவளாப் பேசுத வரைக்கும் நான் பேச மாட்டேன்."

நாலு பிரசங்கம்

செயலாளர் வந்துபோன பிறகு ஐயர் தொடர்ந்து நாலு ஞாயிறு பகை தீர்த்து ஒப்புரவாவதைப் பற்றியே பிரசங்கம் செய்தார். கடைசிப் பிரசங்கம் நாற்பத்தேழு நிமிஷம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. டேனியல் கீபோர்டில் தலை வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூங்கினானோ என்னவோ.

அன்றைக்கு எஸ்தர் இடது வாசல் வழியாக வந்து ஐயர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவள் போய் இரண்டு நிமிஷத்தில் ஞானசெல்வம் வலது வாசல் வழியாக வந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அவளும் ஒரு சொல் மாறாமல் அதையேதான் சொன்னாள்.

"இன்னைக்கு நல்லாச் சொன்னீங்க ஐயா. அவ மண்டையில ஏறுச்சான்னுதான் தெரியல."

ஐந்திலிருந்து ஏழு வரை

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்தேன். ஆறேகாலுக்குள் வழக்கமான முப்பத்தொன்பதும் வந்துவிட்டது. அதற்கு மேல் ஆள் இல்லை. வாழைக்குலையும் கரும்பும் கட்டி வைத்த கோயிலுக்குள் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஆறரைக்கு எஸ்தர் வந்தாள். உட்காரவில்லை. "நோட்டுல எங்க மைனி பேரு இருக்கா அண்ணாச்சி?" என்றாள். நோட்டைக் காட்டுகிற வழக்கம் இல்லை என்றேன். "காட்டாண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க." நான் தலையையும் ஆட்டவில்லை. அவள் வெளியே போய் இரும்பு கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். பத்து நிமிஷம் கழித்து ஞானசெல்வம் பக்க வாசல் வழியாக வந்தாள். "எஸ்தர் குடுத்துட்டாளா?" நான் நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். "நல்ல ஆளுதான் போங்க, கல்லுக்கிட்டக் கேட்டாலும் பதில் கிடைக்கும்" என்று அவள் போய்க் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். முதலில் பெயர் கொடுக்கிறவள் முதலில் இறங்கி வந்தவள் ஆகிவிடுவாள். அதுதான் இருவருக்கும் தடை. நடுவில் கேட்டுக் கம்பி.

ஏழு மணிக்குச் சனிக்கிழமை மணியை அடித்துவிட்டு நோட்டை மூட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். ஏழு மணி ஆயிற்று. கயிற்றைக் கையில் பிடித்தேன். இழுக்கவில்லை. கையை விட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். பெண்கள் நிற்கிற இடத்துக்கு நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. தரையைப் பார்த்துக்கொண்டே, "மணி ஏழாச்சு. நான் இன்னும் அடிக்கல" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மணியடிக்காமல் நிற்கிறேன் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். பிறகு ஞானசெல்வம் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி எஸ்தரு" என்றாள். "ஒரு வருஷமா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

"என்ன?"

"கறி எப்படி இருந்துச்சு?"

எஸ்தர் முகம் இறுகியது. போச்சு என்று நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பிறகு அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. ஞானசெல்வத்துக்கு அதைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தாளா, சிரித்துக்கொண்டே அழுதாளா, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியாது. பதினொரு பெயரையும் கேட்டு எழுதினேன். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னதால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. நேரம் ஏழு மணி நாலு நிமிஷம் என்று நோட்டில் குறித்துவிட்டு மணியடித்தேன். எஸ்தர் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலை மட்டும் நோட்டில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி மைனி."

கிராதியில் பத்துப் பேர்

எங்கள் கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதியில் ஒரு தடவைக்குப் பத்துப் பேர் முழங்காலிடலாம். ஐம்பது பேர் என்றால் ஐந்து வரிசை. அறுப்பின் பண்டிகை அன்று செயலாளர் வாசல் பக்கம் நின்று வரிசை வரிசையாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். முதல் வரிசை பத்து. இரண்டாம் வரிசை பத்து. ரூபி டீச்சருக்கு ஒரு நாற்காலி போட்டேன். மூன்றாம் வரிசையில் எஸ்தரும் ஞானசெல்வமும் பக்கத்தில் பக்கத்தில். எஸ்தருடைய முக்காடு நழுவியது. ஞானசெல்வம் தலையைத் திருப்பாமலே கையை நீட்டி அதை இழுத்துவிட்டாள். கடைசி பெஞ்சிலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நாலாம் வரிசை பத்து.

ஐந்தாம் வரிசையில் கடைசி ஆளாக நான் முழங்காலிட்டேன். எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். தங்கராஜைக் காணவில்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "முகூர்த்த நாளு அண்ணாச்சி. மார்க்கெட்டுல பூ வந்து குவிஞ்சு கிடக்கு. இந்தா வாரேன்னு சொன்னாவ" என்று கிசுகிசுத்தாள். ஐயர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். டேனியல் பாட்டின் கடைசி அடியை மூன்றாவது தடவையாக வாசித்தான்.

அப்போது என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் யாரோ முழங்காலிட்டார்கள். பார்த்தால் செயலாளர். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கைகளைக் கூப்பிக்கொண்டார். இப்போது பத்து. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் என்னால் முடியவில்லை. "ஐயா, நீங்க பேர் கொடுக்கலியே" என்று அவர் காதில் சொன்னேன்.

"நான் செயலாளர்வே."

"தெரியும் ஐயா. நோட்டுல இல்ல. மேலதிகமா ரெண்டு அப்பம் இருக்கு, அதுல தரலாம். ஆனா கணக்குல சேராது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தட்டைப் பிடித்திருந்த ஐயரின் கை ஆடியது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் ஆடும். அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்பை உதறுகிற சத்தம் கேட்டது. தங்கராஜ் ஓடி வந்தார். சட்டையெல்லாம் ஈரம், முடியில் மல்லிகை மொட்டு ஒட்டியிருந்தது, கோயில் முழுக்க வாசனை. கிராதியில் இடம் இல்லை. அவர் எனக்கும் செயலாளருக்கும் நடுவில் தோளை நுழைத்தார். மெதுவாகப் பேசத் தெரியாதவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னது எதிர்க் கடை பாய்க்குக்கூடக் கேட்டிருக்கும்.

"கொஞ்சம் தள்ளுங்க சாரே, நான் நேத்தே பேர் குடுத்த ஆளு!"

ஆராதனை முடிந்ததும் செயலாளர் தன் காகிதத்தில் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், ஐயர் இனி எங்கள் ஐயர்தான். நான் என் நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: எடுத்து வைத்த அப்பம் ஐம்பத்திரண்டு, பெயர் கொடுத்தவர்களுக்குப் போனது ஐம்பது, பெயர் கொடுக்காமல் முழங்காலிட்ட பெரிய மனிதருக்குப் போனது ஒன்று, தட்டில் மீதி ஒன்று.